எழுபது வளைவும் ஒரு பேரிங்கும்

அக்கா பையன் ஞாயிற்றுக்கிழமை காலை வந்தான். அவன் வருவதற்கு முன்பே அவன் கார் வந்துவிட்டது. அதாவது சத்தம். எங்கள் தெரு முனையில் இருக்கும் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது 'டங்!' என்று ஒன்று. கேட்டுக்குள் திரும்பும்போது 'டொய்ங்ங்' என்று ஒன்று. என் மனைவி அடுக்களையிலிருந்து, "எவர்சில்வர் அடுக்கு விழுந்துடுச்சா?" என்றாள்.

"மாமா, வண்டியைப் பார்த்தீங்களா?" என்றான் பெருமையாக.

பார்த்தேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்விஃப்ட். இன்னும் முப்பத்தோரு மாதத் தவணை பாக்கி. போன மாதம் பார்த்தபோது நின்றுகொண்டிருந்தது, இப்போது குந்தி உட்கார்ந்திருக்கிறது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு வாழைப்பழம் நுழையாது.

"லோயரிங் பண்ணியிருக்கேன் மாமா. ஒன்றரை இஞ்ச். ரேஸ் கார் மாதிரி வளைவுல ஒட்டிக்கிட்டுப் போகும்."

"சத்தம்?"

"அது செட் ஆயிடும்னு சொன்னாங்க."

'செட் ஆயிடும்' என்பது ஒர்க்‌ஷாப்பில் சொல்லப்படும் வார்த்தைகளிலேயே மிகவும் ஆபத்தானது என்பது என் அபிப்பிராயம். கல்யாணத் தரகரும் இதையேதான் சொல்லுவார்.

சாதாரணமாக நான் இந்த மாதிரி விஷயங்களில் தலையிடுவதில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை இதே காரில் என் அக்காவும் அத்திம்பேரும் கொல்லிமலைக்குப் போகிறார்கள். அறப்பளீஸ்வரருக்கு வேண்டுதல். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 70. எழுபது தடவை ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்ப வேண்டும். அக்கா முன் ஸீட்டில் உட்கார்ந்து எழுபதையும் விரல் விட்டு எண்ணுவாள்.

"ஸ்டியரிங் திருப்பினா தானா நேருக்கு வருதாடா?"

கொஞ்சம் யோசித்தான். "முன்னே மாதிரி வரலை மாமா. நான்தான் இழுக்கணும்."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன், எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாயிடம்.

போகிற வழியில் கொஞ்சம் சரித்திரம். அந்தக் கால அம்பாசடரில் முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுக்கப்படும் கம்பி. இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலும் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபெர்சன் என்கிற அமெரிக்க இன்ஜினீயர் 1940-களில் யோசித்தது. ஷாக் அப்சார்பரையும் ஸ்ப்ரிங்கையும் ஒரே தூணாகச் சேர்த்துவிட்டார். இடம் மிச்சம், காசு மிச்சம். 1983-ல் வந்த மாருதி 800-லும் முன்பக்கம் இதுதான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு வினோதம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் மட்டும் திரும்புவதில்லை. தூண் முழுக்க, ஸ்ப்ரிங்கோடு சேர்ந்து திரும்புகிறது. மேலே பாடியோடு போல்ட் போட்டு இறுக்கிய மவுண்ட் திரும்பாது. திரும்புகிறதற்கும் திரும்பாததற்கும் நடுவே சமாதானம் பண்ணி வைக்க ஒரு பேரிங். தட்டையாக, அப்பளம் சைஸில் ஒரு வளையம். பானெட்டைத் திறந்தால்கூடக் கண்ணில் படாது.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பேரிங்கை யாரும் திருகி வைப்பதில்லை. மேலே மவுண்ட், கீழே ஸ்ப்ரிங்கின் தொப்பி. நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதை அங்கே பிடித்து வைத்திருப்பது ஸ்ப்ரிங்கின் அழுத்தம் ஒன்றுதான். கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமலேயே நேராக நிற்கிறோமே, அது மாதிரி. கூட்டம் இறங்கிவிட்டால் அடுத்த பிரேக்கில் விழுவோம்.

பாய் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். குனியவில்லை. "தம்பி, உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை மெதுவா திருப்புங்க" என்றார். வலது சக்கரத்துக்கு மேலே ஸ்ப்ரிங்கின் வெளிப்பக்கத்தில் லேசாக விரலை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். நல்ல பேரிங் என்றால் ஸ்ப்ரிங் சக்கரத்தோடு வழவழவென்று கூடவே சுற்ற வேண்டும். இது சுற்றவில்லை. முறுக்கிக்கொண்டே இருந்து, தாங்க முடியாமல் ஒரு உதறு உதறி 'டொய்ங்'.

"அடுத்தது வேடிக்கையைப் பாருங்க சார்" என்று ஜாக்கி போட்டார். சக்கரம் அந்தரத்தில் தொங்கியதும் ஸ்ப்ரிங்கைப் பிடித்து ஆட்டினார். ஆடியது! மேல் தொப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பேரிங் அதன் பள்ளத்திலிருந்து பாதி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஸ்ட்ரட்டை இறக்கி நட்டைக் கழற்றினார். ஸ்ப்ரிங் கையோடு வந்துவிட்டது.

பாய் அவனைப் பார்த்தார். "தம்பி, கம்பெனி ஸ்ப்ரிங்னா ரெண்டு பக்கமும் கம்ப்ரெஸ்ஸர் போட்டு அழுத்திட்டுத்தான் இந்த நட்டுல கை வைப்பேன். வைக்காமக் கழட்டினா மூஞ்சி போயிடும். இது என்னடான்னா, டிபன் பாக்ஸ் மூடி மாதிரி கழண்டு வருது."

ஸ்ப்ரிங்கின் நுனியைக் காட்டினார். கட்டிங் வீலில் அறுத்த தழும்பு. லோயரிங் என்று இவனிடம் காசு வாங்கியவர்கள் புது ஸ்ப்ரிங் எதுவும் போடவில்லை. இருந்ததில் ஒரு சுற்றை வெட்டியிருக்கிறார்கள். கசாப்புக் கடைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பாய் கேட்டார்.

பழைய கணக்கு நோட்டின் பின் அட்டையில் பாய் போட்ட கணக்கு இது. எண்கள் உதாரணத்துக்குத்தான், வண்டிக்கு வண்டி மாறும். ஷாக் அப்சார்பர் முழுக்க நீண்டு தொங்கும்போது மேல் தொப்பிக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவே 340 மில்லிமீட்டர். வெளியே எடுத்து வைத்த ஸ்ப்ரிங்கின் உயரம் 380. ஆக, தொங்கும்போதுகூட 40 மில்லிமீட்டர் அமுங்கியே இருக்கும், பேரிங்கை விடாது. ஒரு சுற்றை வெட்டினால் ஸ்ப்ரிங் 320. இப்போது 20 மில்லிமீட்டர் காலி. ஸ்பீடு பிரேக்கரிலிருந்து சக்கரம் கீழே தொங்குகிற அந்த அரை விநாடியில் ஸ்ப்ரிங் அநாதை. தொப்பி சாய்கிறது, பேரிங் நகர்கிறது. அடுத்த அரை விநாடியில் காரின் கனம் முழுக்கக் கோணலாக அதன் மேல் இறங்குகிறது. டங்!

வெட்டினால் ஸ்ப்ரிங் மெத்தென்று ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர் எதிர். வேலை செய்யும் ஐந்து சுற்றில் ஒன்றை வெட்டினால் மிச்சம் 25 சதவிகிதம் அதிக விறைப்பு. நிற்கும்போது விறைப்பு, தொங்கும்போது தொளதொளப்பு. சில இடங்களில் காஸ் வைத்துச் சூடாக்கி ஸ்ப்ரிங்கை அமுக்குவதும் உண்டாம். அது எஃகின் பதத்தையே கெடுத்துவிடும். அதற்கு வெட்டுவதே தேவலை.

தரம் என்று பார்த்தால் ஸ்பீடு பிரேக்கர் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலத்துக்கு சாய்வாக இருக்க வேண்டும் என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-லேயே அளவு சொல்லியிருக்கிறது. எங்கள் தெருவில் இருப்பது, யாரோ வீடு கட்டி மிச்சமான சிமென்ட்டில் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டது.

"அப்போ லோயரிங்கே பண்ணக் கூடாதா அண்ணே?" என்றான் பையன், குரல் உள்ளே போய்.

"பண்ணலாம் தம்பி. ஷாக்கையும் சேர்த்து மாத்தணும்." ஸ்ப்ரிங் குட்டையானால் ஷாக் அப்சார்பரின் நீட்டமும் அதே அளவு குறைய வேண்டும், அப்போதுதான் தொங்கும்போது அழுத்தம் மிச்சமிருக்கும். காயில்ஓவர் என்று செட்டாக வருவதில் பெரிய ஸ்ப்ரிங்கோடு ஹெல்ப்பர் ஸ்ப்ரிங் என்று சின்னதாக ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். கார் நிற்கும்போது முழுக்க அமுங்கிப் படுத்திருக்கும். சக்கரம் தொங்கும்போது எழுந்து தொப்பியைத் தாங்கும். அது ஒன்றுதான் அதற்கு உத்தியோகம். (எங்கள் ஆபீஸிலும் அப்படி ஒருவர் உண்டு. ஆடிட் வரும்போது மட்டும் எழுந்திருப்பார்.)

எதைப் போட்டாலும் பூட்டுகிற விதம் ஒன்று இருக்கிறது. பேரிங்குக்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் உண்டு. தலைகீழாகப் போட்டால் ஒரு மாதம் தாங்காது. ஸ்ப்ரிங்கின் நுனி தட்டில் இருக்கும் படியில் முட்டி நிற்க வேண்டும். வெட்டிய நுனி அதில் சரியாக உட்காராது. நடு நட்டு புதிதாக இருக்கட்டும். ஷாக் ராடை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு கையால் இறுக்க வேண்டும், ஏர் கன்னால் 'டர்ர்' என்று அல்ல. ராட் கூடவே சுற்றினால் உள்ளே ஷாக் காலி. ஜாக்கியை இறக்குமுன் ஸ்டியரிங்கை நேராக வைத்து, டார்ச் அடித்துத் தொப்பி பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் வீல் அலைன்மென்ட்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் வண்டியை மாற்றுவது, க்ளெய்ம் நாளில் மறுக்க அவர்களுக்கு நாமே ஒரு காரணத்தை எழுதிக் கொடுப்பது. அதையும் சொன்னேன். பையன் ஏற்கெனவே போதுமான அளவு வாடியிருந்தான்.

வெட்டிய ஸ்ப்ரிங்கை ஒட்ட முடியாது. கம்பெனி ஸ்ப்ரிங் ஒரு ஜோடி, பேரிங் இரண்டு, மவுண்ட் இரண்டு வாங்கினோம். பழைய பேரிங்கைக் குலுக்கிக் காட்டினார் பாய். பிளாஸ்டிக் கூடு உடைந்து குண்டுகள் உள்ளே கிலுகிலுப்பை மாதிரி ஆடின. கொல்லிமலையில் எத்தனையாவது வளைவு வரை இது போயிருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. பில் பணத்தில் பாதியை நான் கொடுத்தேன். என் அக்காவிடம் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம்.

ஞாயிற்றுக்கிழமை இரவு அக்கா போன் பண்ணினாள். தரிசனம் திவ்யமாம். வளைவு எழுபதும் சரியாக இருந்ததாம். "வண்டி இப்போ ஏறி உட்கார நல்ல உசரமா இருக்குடா. போன வாரம் என்னமோ கிணத்துல இறங்கற மாதிரி இருந்துது. டயருக்கு நல்லா காத்து அடிச்சிருக்கான் போல."

"ஆமாக்கா, காத்துதான்" என்றேன்.

போன் கை மாறியது. பையன் குரலைத் தாழ்த்தி, "மாமா, அந்த ஹெல்ப்பர் ஸ்ப்ரிங் செட் என்ன விலைன்னு பாய்கிட்ட கேட்டீங்களா?" என்றான்.