அல்மாட்டியில் ருஷ்ய மொழி

உக்ரைன் போர் மூண்ட 2022-க்குப் பின் ருஷ்ய மொழி பயிலும் அமெரிக்க மாணவர்கள் பலர் மாஸ்கோவை விட்டுக் கஜகஸ்தானின் அல்மாட்டிக்குப் போகிறார்கள். தூய ருஷ்யச் சூழல் அங்கே இல்லை என்பது குறையே அல்ல. கசாக் மொழியும் ருஷ்ய மொழியும் கலந்து புழங்கும் தெருவில் காது கூர்மையாகும். காலை வகுப்பில் ஆறு வேற்றுமைகளோடு மல்லுக்கட்டு. பேச்சு வருவதென்னவோ தங்கும் வீட்டின் சமையலறையில்தான். பால் கலந்த தேநீரைக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகவே, பலமுறை ஊற்றுவார்கள். விளிம்புவரை நிரப்பினால் விருந்தாளியைக் கிளம்பச் சொல்வதுபோல. ஆக, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு பேச்சு. வெளியே வழி கேட்டால் ‘மேலே’, ‘கீழே’ என்பார்கள். பாடநூலில் இதற்கு விளக்கம் தேடிப் பயனில்லை. நகரம் மலையடிவாரச் சரிவில் இருப்பதால் மேலே என்றால் தெற்கு, கீழே என்றால் வடக்கு.