ஊசிக்கு ஒரு நோட்டு இருக்கிறது, விரலுக்கு?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு பேச்சு. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவனுக்குக் கட்டிங் மிஷினில் இடது கை விரல் போய்விட்டது. அதற்கு நம் மச்சான் ஒருத்தர் எழுதிய பதில்: "கவனம் இல்லாம வேலை பார்த்தா இப்படித்தான். நாங்க மூட்டை தூக்காத தூக்கா? ஒண்ணும் ஆகலையே." அதற்குப் பத்துப் பேர் கைதட்டல் போட்டிருந்தீர்கள். அந்தக் கைதட்டலுக்குத்தான் இந்தப் பதிவு.

கவனம் எங்கிருந்து வருகிறது? உடம்பிலிருந்துதானே. காலை எட்டரைக்கு நின்றவன் இரவு எட்டுக்கும் நிற்கிறான். நடுவில் 20, 25 கிலோ துணி ரோலைத் தூக்கி மேஜையில் போடுகிறான். ஆள் வரவில்லை என்றால் வண்டியில் லோடும் அவனே ஏற்றுகிறான். தோளும் இடுப்பும் ஓய்ந்த பிறகு பிடி தளரும், கண் அரை நொடி பிந்தும். கத்திக்கு அந்த அரை நொடி போதும். கடைசிப் பீரியடில் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் கூட்டல் தப்பும் என்பது எந்த வாத்தியாருக்கும் தெரியும்.

முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர் நலனை ஆராய 1915இல் ஒரு குழு போட்டார்கள். அந்தக் காலத்தில் வெர்னான் என்பவர் எடுத்த கணக்கில், பெண்களின் 12 மணி நேர வேலை 10 மணியானபோது விபத்துகள் வெகுவாகக் குறைந்திருந்தன. இரண்டு மணி நேரத்தில் அந்தப் பெண்களுக்குப் புதிதாகக் கவனம் முளைத்துவிட்டதா?

மச்சானுக்கு ஒரு வார்த்தை. மூட்டை தூக்கி ஒன்றும் ஆகாதவர்கள்தான் இன்று குழுவில் எழுதுகிறார்கள். முதுகு போனவர்கள் அப்போதே வேலையை விட்டுப் போய்விட்டார்கள். (உங்கள் முழங்கால் ஆபரேஷனுக்குத் துணைக்கு வந்தவன் நான்தான் என்பதையும் ஞாபகம் வையுங்கள்.)

எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் ஊசி உடைந்தால் என்ன செய்வார்கள், தெரியுமல்லவா? உடைந்த துண்டுகள் அத்தனையும் தேடி எடுத்து, நோட்டில் ஒட்டி, தேதி, நேரம், மிஷின் நம்பர் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். துண்டு கிடைக்காவிட்டால் சரக்கு நகராது. வெளிநாட்டுக் குழந்தைக்குக் குத்திவிடக் கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடு. அதே ஊசி நம் பிள்ளை விரலில் ஏறினால், மஞ்சளோ பிளாஸ்டரோ போட்டு, "போய் உட்காரு கண்ணு" என்பதோடு பல இடங்களில் சரி.

2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வந்ததும் மூன்றாம் நாள் நிறுத்திவைத்து, மே தினத்தில் திரும்பப் பெற்றார்கள். எல்லோரும் மகிழ்ந்தோம். இங்கே ஒன்றரை ஷிப்ட் என்ற பேரில் அந்த 12 மணி நேரம் எந்தத் திருத்தமும் இல்லாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 9 மணிக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்பு ஊதியம் என்று 1948ஆம் வருடத்துச் சட்டமே எழுதிவைத்தது. பீஸ் ரேட்டில் ஓடுகிறவனிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறான்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளே, வேலையில் அடிபட்டால் இ.எஸ்.ஐ. உதவித்தொகைக்கு இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு, சம்பளத்தில் 90 சதவீதம். கம்பெனியில் விபத்து அறிக்கை போடச் சொல்லுங்கள். "வீட்டில் அடிபட்டது என்று சொல்லிவிடு" என்றால் சம்மதிக்காதீர்கள்.

என் மாணவர்களில் இன்று யூனிட் நடத்துகிறவர்களும் பத்துப் பன்னிரண்டு பேர் இதைப் படிக்கிறீர்கள். அந்த ஊசி நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு வையுங்கள். யாருக்கு அடி, எத்தனை மணிக்கு, அன்று எத்தனையாவது மணி நேர வேலை. ஆறு மாதம் எழுதி முடித்ததும் பூண்டி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம். மச்சானையும் கூப்பிடுகிறேன்.