அம்புக்குறியைப் பாருங்கள்!

ஒரு பொருள் அதற்குரிய இடத்தில் பொருந்திவிட்டால் வேலை முடிந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். ஆனால் பொருந்துவது வேறு, சரியாக இருப்பது வேறு. இதற்குக் கார் டயர் ஒரு நல்ல சான்று.

சில கார் டயர்களின் மேற்பரப்பில் பள்ளங்கள் ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் வரிசையாக அமைந்திருக்கும். இவ்வகை டயர் ஒரு திசையில் உருளுவதற்கென்றே செய்யப்பட்டது. அதன் பக்கச் சுவரில் ஓர் அம்புக்குறி பொறித்திருப்பார்கள். கார் முன்னோக்கிச் செல்லும்போது சக்கரம் சுழலும் திசையை அந்த அம்பு காட்ட வேண்டும்.

இந்த ஏற்பாடு எதற்காக? மழை நீர் தேங்கிய சாலையை எண்ணிப் பாருங்கள். சரியாக மாட்டிய டயரில் 'வி'யின் கூர்முனை முதலில் தரையைத் தொடும். பள்ளங்கள் நீரை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் வெளியேற்றும். திருப்பி மாட்டினால் விரிந்த முனைகள் முதலில் தரையைத் தொடும். நீர் நடுப்பகுதியை நோக்கித் தள்ளப்படும். விரைந்து வெளியேற முடியாத நீர் டயரை மேலே தூக்கும். டயர் சாலையை விட்டு நீர்ப்படலத்தின்மீது வழுக்கத் தொடங்கும். அப்போது ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை மிதித்தாலும் கார் கட்டுப்படாது. சரியாக மாட்டிய டயருக்கும் மிகுந்த வேகத்தில் இது நேரலாம். திருப்பி மாட்டிய டயருக்கோ அதைவிடக் குறைந்த வேகத்திலேயே நேரும்.

உலர்ந்த சாலையில் இந்தத் தவறு எளிதில் தெரியாது. கார் வழக்கம்போல் ஓடும். மழை வரும் நாள்வரை தவறு மறைந்தே இருக்கும். இதுதான் ஆபத்து.

திருப்பி மாட்ட முடியாதபடி செய்துவிடக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். வலப்பக்கச் சக்கரத்தை வெளியிலிருந்து பார்த்தால் கடிகார முள் போலச் சுழலும். இடப்பக்கச் சக்கரம் அதற்கு எதிராகச் சுழலும். ஒரே டயர் இரு பக்கத்துக்கும் பயன்பட வேண்டும். ஆகவே அது ரிம்மில் இரு விதமாகவும் பொருந்தும். வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்றி இடப்பக்கம் மாட்டினாலும் போல்ட்டுகள் தடை சொல்லமாட்டா. தவறைத் தடுக்க இருப்பது அந்த அம்புக்குறி ஒன்றுதான்.

"டயர் மாட்டுவது கடைக்காரர் வேலை, நமக்கென்ன?" என்று சிலர் கூறுவார்கள். இதை நான் ஏற்கவில்லை. கைதேர்ந்தவர்களும் தவறக்கூடும். 2013 ஜூலை 2 அன்று ரஷ்யாவின் புரோட்டான் ராக்கெட் ஒன்று பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து கிளம்பியது. ஏறத்தாழ அரை நிமிடத்தில் மூன்று செயற்கைக்கோள்களுடன் தரையில் விழுந்து எரிந்தது. ராக்கெட் திரும்பும் வேகத்தை அளக்கும் சில உணர்கருவிகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்ததே காரணம். அவற்றின்மீதும் அம்புக்குறி இருந்தது! தலைகீழாகப் பொருத்துவது கடினமாக இருக்கும்படியே அந்த இடம் அமைக்கப்பட்டிருந்தது. ஆயினும் வலிந்து பொருத்தியதற்கான தடயங்கள் விசாரணையில் கிடைத்தன.

ஆகவே மாட்டுபவர் ஒரு முறை பார்க்கட்டும். வண்டிக்கு உரியவர் மறுமுறை பார்க்கட்டும். இது கடைக்காரர்மீது கொள்ளும் ஐயம் அன்று. ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படும் என்பதற்காகவே.

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நிற்கும் காரின் முன்னே நின்று பாருங்கள். சரியாக மாட்டிய டயரில் பள்ளங்கள் நேரான 'வி' போலத் தெரியும். திருப்பி மாட்டியிருந்தால் தலைகீழாகத் தெரியும். பிறகு பக்கச் சுவரில் அம்பைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பஞ்சரானபோது ஸ்டெப்னியை அவசரத்துக்கு எதிர்ப்பக்கம் மாட்ட நேர்ந்தால், மெதுவாக ஓட்டிச் சென்று விரைவில் மாற்றச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் கார் இல்லாமல் இருக்கலாம். மோட்டார் சைக்கிள் டயர்கள் பலவற்றிலும் இதே அம்பு உண்டு. டிராக்டரின் பெரிய டயரில் 'வி' இன்னும் தெளிவாகத் தெரியும். இன்றே ஒன்றைத் தேடிப் பாருங்கள். அம்பு தவறான திசையில் இருந்தால் தயங்காமல் உரியவரிடம் சொல்லுங்கள். மழை வருவதற்குள் அவர் அதைச் சரிசெய்துகொள்வார்.