பதினான்கு இடங்களும் ஒரு டிராமும்

நம் சங்கத்தின் ஆண்டுச் சுற்றுலாத் திட்டம் விடுதி அறிவிப்புப் பலகைக்கு வந்துவிட்டது. ஊர் கல்கத்தா. நாள் மூன்று. இடங்கள் பதினான்கு. (2001 முதல் அந்நகரின் பெயர் கொல்கத்தா என்பதை அறிவேன். பழகிய நாக்கு பழைய பெயரையே சொல்கிறது. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.) பட்டியலைப் படித்து முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. காலை ஆறு மணிக்கு ஓரிடம், எட்டு மணிக்கு ஓரிடம், பத்துக்கு இன்னோரிடம். சுற்றுலா என்பதா, அஞ்சல் பட்டுவாடா என்பதா?

செயற்குழு நண்பர்கள் கோபிக்க வேண்டாம். கல்கத்தா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதினான்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. ஏனென்றால் அந்தப் பதினான்கையும் ஏற்கெனவே ஒரு முறை ஓடி ஓடிப் பார்த்தவன் நான்.

முதன்முறை நாங்கள் ஐவர் போனோம். இரண்டே நாள். விக்டோரியா நினைவு மண்டபத்தின் முன் நின்றோம், படம் எடுத்தோம். ஹௌரா பாலத்தின் முன் நின்றோம், படம் எடுத்தோம். அருங்காட்சியகத்தை நாற்பது நிமிடத்தில் கடந்தோம். திரும்பி வந்தபோது என் கைபேசியில் நானூறு படங்கள் இருந்தன. நெஞ்சில் ஒன்றும் இல்லை. நுனிப்புல் மேய்ந்த மாட்டுக்காவது வயிற்றில் கொஞ்சம் புல் மிஞ்சும்.

அதோடு போயிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். சில மாதங்கள் கழித்து, பிப்ரவரி 28 அன்று, தேசிய அறிவியல் நாள் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். தமிழன் என்பதால் ராமனைப் பற்றிப் பேசு என்றார்கள். பேச்சுக்குக் குறிப்பு எடுக்கும்போதுதான் தெரிந்தது: திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் தம் பெயர் தாங்கிய ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்த இடம் கல்கத்தாவின் பௌபஜார் தெரு, 210-ஆம் எண். நாங்கள் ஐவரும் கடைத்தெருவில் பை வாங்கப் பேரம் பேசிய இடத்திலிருந்து அது நடந்து போகும் தூரம். இயற்பியல் மாணவன் நான்! மேடையில் ராமனைப் புகழ்ந்து பேசி கைதட்டல் வாங்கினேன். இறங்கி வரும்போது முகம் சுட்டது.

ஆகவே 2023 டிசம்பரில் மறுபடியும் போனேன், தனியாக. அப்போது கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே சொல்கிறேன். பெருநகருக்குப் போனால் நான் விரும்பிச் செய்யும் காரியங்கள் இவை.

முதலாவது, அந்த ஊரிலேயே மிக மெதுவாகப் போகும் வண்டியில் ஏறுவது. வேகமாகப் போக வேண்டுமானால் கல்கத்தாவில் 1984-லேயே ஓடத் தொடங்கிய, இந்தியாவின் முதல் சுரங்க ரயில் இருக்கிறது. 2024 முதல் அது ஹூக்ளி நதிக்கு அடியிலும் போகிறது. ஆனால் சுரங்கத்தில் போகிறவன் ஊரைப் பார்ப்பதில்லை. டிராமில் போகிறவன் பார்க்கிறான். 1873-இல் குதிரை இழுத்த டிராம், 1902-இல் மின்சாரத்துக்கு மாறியது. அதன் நடையில் ஒவ்வொரு கடையின் பெயர்ப் பலகையையும் படித்துக்கொண்டே போகலாம்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டாம். 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்த ராமன், டிராமில் போகும்போதுதான் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப் பலகையைக் கண்டு உள்ளே நுழைந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-இல் நிறுவிய கழகம் அது. கருவிகள் இருந்தன; பயன்படுத்த ஆள் இல்லை. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் அங்கே உழைத்தார் ராமன். பத்தாண்டுக்குப் பின், 1917-இல், பெரும் சம்பளத்தை உதறிவிட்டுப் பேராசிரியர் ஆனார். 1930-இல் நோபல் பரிசு வந்தது. அந்த டிராம் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போயிருந்தால்?

நான் எஸ்பிளனேடில் ஏறினேன். பௌபஜார் சந்திப்பில் இறங்கினேன். தெருவுக்கு இப்போது விபின் பிஹாரி கங்குலி பெயர். தேடி நடந்து அந்த எண்ணை அடைந்தேன். பார்க்க ஒன்றும் இல்லை. கழகம் ஜாதவ்பூருக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. பழைய கட்டடமும் இல்லை. வணிகவியல் கல்லூரி ஒன்று நிற்கிறது. எதிரே தேநீர் வாங்கிக் குடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். இந்த நெரிசலில், இந்தப் புழுதியில், இந்தச் சத்தத்தில்தானே ராமனும், விருதுநகர்ப் பக்கத்து வத்திராயிருப்பிலிருந்து வந்த கே.எஸ். கிருஷ்ணனும் திரவத்தில் சிதறிய ஒளியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! வசதி இல்லை, கருவி இல்லை என்று ஆய்வுக்கூடத்தில் நான் அன்றாடம் பாடும் பல்லவி அந்தக் கால் மணி நேரத்தில் நின்றது. நானூறு படங்கள் செய்யாததை ஒரு கோப்பைத் தேநீர் செய்தது.

இரண்டாவது, விடியற்காலையில் ஆற்றைப் படகில் கடப்பது. ஹௌரா பாலத்தை எதிரே நின்று பார்ப்பது ஒன்று. அதன் அருகே நீரில் மிதந்து பார்ப்பது வேறு. 1943-இல் திறக்கப்பட்ட அந்த இரும்புப் பாலத்துக்கு ஆற்றின் நடுவில் ஒரு தூணும் இல்லை. இரு கரையிலிருந்தும் நீட்டிய இரு கைகள் நடுவில் கோத்துக்கொண்டாற்போல் நிற்கிறது. அதன் காலடியில் மல்லிக் காட் பூச்சந்தை. மலைமலையாய்க் குவிந்த செவ்வந்திப் பூவைக் கண்டால் மதுரைக்காரனுக்கும் ஒரு நிமிடம் பேச்சு நின்றுபோகும். இன்னொன்று: நம் படித்துறையைத் தொட்டுப்போகும் கங்கையின் நீரில் ஒரு பங்கு, 1975-இல் இயங்கத் தொடங்கிய ஃபராக்கா அணையிலிருந்து கால்வாய் வழியே ஹூக்ளிக்குத்தான் திருப்பப்படுகிறது. நாம் இரவு ரயிலேறிப் போகுமிடத்துக்கு நம் ஊர்த் தண்ணீர் முன்னதாகவே புறப்பட்டுவிட்டது.

மூன்றாவது, அந்த ஊரார் உண்பதை உண்பது. நம்மவரிடம் ஒரு வழக்கம்: ரயிலை விட்டு இறங்கியதும் இட்டலிக் கடை எங்கே என்று கேட்பது. லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள்; இட்டலிக்குப் பஞ்சமில்லை. ஆனால் இட்டலி விடுதியிலும் கிடைக்கும். காலையில் தெருவோரம் பொரித்துத் தரும் கசௌரியும் உருளைக்கிழங்குக் கறியும் இங்கே கிடைக்குமா? வாங்கும்போது கடைக்காரரை 'தாதா' என்று அழையுங்கள். நம் சினிமாவில் வருகிற தாதா அல்லர், வங்காளியில் அண்ணன். அந்த ஒரு சொல்லுக்கு எனக்குக் கூட ஒரு கரண்டிக் கறி விழுந்தது.

நான்காவது, காலேஜ் தெருவில் பணப்பையைச் சுருக்கிக் கட்டிக்கொண்டு நடப்பது. நடைபாதை நெடுகப் புத்தகக் கடைகள். யாரோ ஒரு மாணவர் பென்சிலால் ஓரமெல்லாம் கணக்குப் போட்டுவைத்த பழைய ஒளியியல் நூல் ஒன்று எனக்குக் கிடைத்தது. அந்தக் கணக்குகளில் இரண்டு தவறு. தவறு செய்தவர் தேர்வில் தேறினாரா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவையும் நான் விடுதியில் சொல்லிக்கொண்டிருந்தபோது, இராமநாதபுரத்துத் தம்பி ஒருவன் குறுக்கிட்டான். "அண்ணே, எங்க வீட்டிலே சென்னையைத் தாண்டின முதல் ஆள் நான்தான். கல்கத்தா வரைக்கும் போயி விக்டோரியா மண்டபத்தைப் பார்க்கலேன்னா எங்க அம்மா என்னண்ணே நினைப்பாங்க? உங்களுக்கென்ன, நீங்க மறுபடி மறுபடி போவீங்க" என்றான்.

சுருக்கென்று தைத்தது. அவன் சொன்னது உண்மை. இந்தப் பயணத்துக்கு அவன் கட்டும் பணம் அவன் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு. 'குறைவாகப் பார்' என்று உபதேசம் செய்வது மறுமுறை போக வசதியுள்ளவனுக்கு எளிது. அன்றிரவு முழுவதும் யோசித்தேன். விக்டோரியா மண்டபம் பட்டியலில் இருக்கட்டும் என்ற முடிவுக்கு வந்தேன். அம்மாவுக்கு ஒரு படம் அனுப்புவது சிறிய காரியம் அன்று. ஆனால் மற்றதில் நான் மாறவில்லை, முன்னிலும் உறுதியானேன். மறுபடி வரக்கூடியவன் மேம்போக்காகப் பார்த்தாலும் நட்டமில்லை. ஒரே முறை வருகிறவன்தான் மேம்போக்காகப் பார்க்கக் கூடாது. அவனுக்குப் பதினான்கு வாசல்களைக் காட்டி ஒன்றிலும் உட்காரவிடாமல் துரத்துவது நாம் அவனுக்குச் செய்யும் அநீதி.

எனவே செயற்குழுவுக்கு என் விண்ணப்பம் இது. பதினான்கை ஐந்தாக்குங்கள். ஒரு காலைப் பொழுதை முழுவதும் அவரவரிடம் விடுங்கள். ஒவ்வொருவரும் தத்தம் படிப்புக்குரிய ஓரிடத்தைத் தேடிப் போகட்டும். தாவரவியல் நண்பர்களுக்கு 1787-இல் தொடங்கிய ஷிப்பூர் தோட்டமும் அதன் பேராலமரமும். புள்ளியியலாருக்கு மகலனோபிஸ் 1931-இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம். மருத்துவ மாணவர்களுக்கு, மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்ந்து பரவும் வழியை ரொனால்டு ராஸ் 1898-இல் ஆராய்ந்து கண்ட மருத்துவமனை வளாகம். வரலாற்று மாணவர்களுக்கு 1784-இல் பிறந்த ஆசியக் கழகம். அன்று மாலை ஓரிடத்தில் கூடி, கண்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். ஐம்பது பேர் ஐம்பது கல்கத்தாவைக் கொண்டு வருவார்கள்.

டிராமை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எஸ்பிளனேடு–மைதானம் பகுதியைத் தவிர மற்றத் தடங்களை நிறுத்திவிடுவதாக மாநில அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது. நான் பௌபஜாரில் இறங்கி ஒன்பதே மாதத்தில். எது ஓடுகிறதோ அதில் ஏறுங்கள். கைபேசியைப் பையில் போடுங்கள். சன்னலோரம் உட்கார்ந்து பெயர்ப் பலகைகளைப் படியுங்கள். உங்களுக்கான பலகை எந்தத் தெருவில் தொங்குகிறதோ, யார் கண்டது?