ஓடைக்குச் சாட்சி யார்?

திருப்பூரில் நொய்யலோடு கலக்கும் ஜம்மனை ஓடை நலமாக இருக்கிறதா? ஒரு பாட்டில் நீரெடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும் என்கிறார்கள். உண்மை என்ன? உப்பின் அளவை அறிய அந்தச் சோதனை அவசியமே. ஆனால் அது காட்டுவது அந்த ஒரு வேளையின் நீரைத்தான். இரவில் திறந்துவிட்ட கழிவு, பகலில் எடுத்த பாட்டிலில் அகப்படுமா?

ஓடைக் கல்லடியில் மாதக்கணக்கில் வளரும் பூச்சிகளோ, ஓடிப்போன நஞ்சுக்கும் சாட்சி. மேபிளைப் பூச்சியின் குஞ்சுகளுக்குப் பிராணவாயு நிறைந்த நீர் வேண்டும். ஊருக்கு மேலே அவை இருந்து, கீழே செம்புழுக்கள் மட்டுமே நெளிந்தால் இடையில் கேடு புகுந்திருக்கிறது என்று பொருள்.

காலத்தில் கவனிக்காததன் விலையைக் கொடுத்தது யார்? பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாயிற்று. விவசாயியின் நிலம் பாழாயிற்று. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது, தொழிலாளி வேலையிழந்தான்.

ஆகவே நாம் கோருவது இதுதான்: மழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஓடையிலும் பூச்சிக் கணக்கு எடுக்க வேண்டும். விவசாயிகளும் தொழிலாளர்களும் உடனிருக்க வேண்டும். முடிவை உள்ளாட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்ட வேண்டும். ஓடை மக்களுடையது, அதன் கணக்கும் மக்களுக்குத் தெரிந்தாக வேண்டும்!