மைக் செட்டின் மீது எழுப்பிய வரிச்சுவர்



பொங்கல் விழா முடிந்து நமது சங்கத்தின் செயற்குழு கூடியபோது, வரவு செலவுக் கணக்கில் ஒரு தொகை எல்லோர் கண்ணையும் உறுத்தியது. பந்தலுக்கு ஆனதைவிட, நாற்காலிக்கு ஆனதைவிட, மைக் செட் வாடகை கூடுதல். "ஆண்டுக்கு நாலு விழா, மாதம் ஒரு கூட்டம். சொந்தமாக ஒரு செட் வாங்கிப் போட்டால் என்ன?" என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு பாக்ஸ், ஒரு ஆம்ப்ளிஃபயர், சின்னதாக ஒரு மிக்ஸர், வயர் மைக் இரண்டு, கார்ட்லெஸ் மைக் ஒன்று. நமக்குத் தேவை இவ்வளவுதான். தோழர்கள் இருவர் லாமிங்டன் சாலைக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கி விலைப்பட்டியலோடு வந்தார்கள். பட்டியலைப் படித்து முடித்ததும் செயற்குழுவில் ஒருவரும் பேசவில்லை.

தாராவியில் நெடுநாளாக மைக் செட் தொழில் செய்யும் அண்ணாச்சி ஒருவரிடம் அந்தப் பட்டியலைக் காட்டினோம். அவர் சிரித்தார். "தம்பி, நீங்க வாங்குறது பாதி பெட்டி, மீதி வரி" என்றார்.

அண்ணாச்சி சொன்னதை அப்படியே நம்பிவிடாமல் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பாதி இல்லை. ஆனால் கால் பங்குக்கு மேல் வரிதான். அந்தக் கணக்கை உங்கள் முன் வைப்பதற்கே இந்தக் கட்டுரை.

கணக்கைப் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி நாவசேவா துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. அதன் மதிப்பு ரூ. 10,000 என்று வைத்துக்கொள்வோம். 2018 செப்டம்பரில் ஒலிபெருக்கி மீதான அடிப்படைச் சுங்கவரியை 10 விழுக்காட்டிலிருந்து 15 ஆக்கினார்கள். 2022 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் 15ஐ 20 ஆக்கினார்கள். ஆக, 10,000க்குச் சுங்கவரி ரூ. 2,000. அந்த வரியின் மேல் 10 விழுக்காடு சமூகநலக் கூடுதல் கட்டணம் ரூ. 200. வரிக்கும் வரி! பெட்டியின் அடக்கம் ரூ. 12,200 ஆகிவிட்டது. இதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. தனி.

இத்தோடு முடிந்ததா? இல்லை. இறக்குமதி செய்தவருக்கு லாபம் வேண்டும், கடைக்காரருக்கு லாபம் வேண்டும். இருவருக்கும் சேர்த்து 30 விழுக்காடு என்று வைப்போம். அவர்கள் லாபம் போடுவது 10,000 மேல் அல்ல. வரி ஏறிய 12,200 மேல். விலை ரூ. 15,860 ஆகிறது. அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் நாம் எண்ணிக் கொடுப்பது ரூ. 18,715.

சுங்கவரியே இல்லாதிருந்தால் இதே பெட்டி, இதே லாபத்தோடும் இதே ஜி.எஸ்.டி.யோடும் ரூ. 15,340க்குக் கிடைத்திருக்கும். வித்தியாசம் ரூ. 3,375. அரசாங்கம் துறைமுகத்தில் வாங்கியதோ 2,200 ரூபாய். அது கடைத்தெருவுக்கு வருவதற்குள் குட்டி போட்டு 3,375 ஆகிவிட்டது. லாபத்தின் மேல் லாபமும் வரியின் மேல் வரியுமாகச் சேர்ந்த இந்தக் குட்டியைச் சுமப்பவர் கடைசியில் வாங்குபவர்தான்.

இருவருக்கு இரண்டு நியாயம்

இதே பெட்டியை இரண்டு பேர் வாங்குகிறார்கள். ஒருவர், ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் கல்யாண வரவேற்பு நடத்தும் பெரிய நிகழ்ச்சி நிறுவனத்தார். மற்றவர் நம் அண்ணாச்சி.

பெரிய நிறுவனம் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றது. பெட்டிக்குக் கட்டிய 2,855 ரூபாய் ஜி.எஸ்.டி.யை, தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே அவர்களுக்குப் பெட்டியின் உண்மை விலை ரூ. 15,860. அண்ணாச்சியின் நிலை என்ன? ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குக் கீழே வரவு உள்ள சேவைத் தொழிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. இது சிறு தொழிலுக்குச் சலுகை என்று கூறுகிறார்கள். சலுகைதான், ஆனால் பதிவு இல்லாதவருக்கு வரிக் கழிவும் இல்லை. தொகுப்புத் திட்டத்தில் சேர்ந்து 6 விழுக்காடு கட்டினாலும் கழிவு கிடையாது. அண்ணாச்சிக்கு அதே பெட்டி ரூ. 18,715.

சுங்கவரியிலோ யாருக்கும் கழிவு இல்லை. ஆனால் பெரியவர்கள் அதை வாடகையில் ஏற்றி, லட்சக்கணக்கில் செலவழிக்கும் வாடிக்கையாளரிடம் வாங்கிவிடுவார்கள். அண்ணாச்சி யாரிடம் ஏற்றுவார்? சாலில் நடக்கும் சடங்கு வீட்டிலா? ஆடி மாதம் கூழ் ஊற்றும் அம்மன் கோயிலிலா? நம்மிடமா? நூறு ரூபாய் கூடச் சொன்னால் நாமே முகத்தைச் சுளிக்கிறோம். அதனால் அவர் புதுப்பெட்டி வாங்குவதைத் தள்ளிப் போடுகிறார். காயில் எரிந்த ஸ்பீக்கரைக் கழற்றிக் கோன் மாற்றி ஒட்டி, இன்னும் ஒரு கணபதி சீசனை ஓட்டுகிறார். கூட்டத்தில் மைக் கரகரக்கும்போது நாம் அவரைத் திட்டுகிறோம். அந்தக் கரகரப்பில் பாதி வரியின் குரல் என்பது நமக்குத் தெரிவதில்லை.

பழைய சுவர், புதிய சுவர்

நம்மில் மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. 1980களில் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்த நம் அண்ணன் தம்பிகள், தோளில் சுமந்து வந்த டூ-இன்-ஒன்னுக்காகச் சகார் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி முன் கைகட்டி நின்றதை மறந்திருக்க மாட்டோம். அன்று இறக்குமதிக்கு லைசென்சும் வேண்டும், வரியும் மலைபோல் வேண்டும். 1991 ஜூலையில்தான், 300 விழுக்காட்டையும் தாண்டியிருந்த உச்ச வரியை 150ஆகக் குறைத்தார்கள். படிப்படியாக இறங்கி, 2007இல் தொழிற்பொருட்களுக்கான உச்ச வரி 10 விழுக்காட்டுக்கு வந்தது. பத்தாண்டுக்குப் பின் காற்று திரும்பியது. 2015இல் பல நாடுகள் சேர்ந்து ஒலிபெருக்கி உட்படப் பல மின்னணுப் பொருட்களுக்கு வரியை நீக்க ஒப்பந்தம் செய்தபோது இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. பிறகு 15, பிறகு 20.

"உள்நாட்டுத் தொழிலைக் காக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். நாங்கள் வரியே கூடாது என்று வாதாடும் வியாபாரிகளின் வக்கீல்கள் அல்ல. ஸ்ரீபெரும்புதூரிலும் நொய்டாவிலும் மின்னணுத் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்ப்பவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளே. உள்நாட்டுச் சரக்கு மட்டம் என்றும் சொல்ல மாட்டோம். 1940 முதல் இருந்துவரும் அகூஜாவின் ஆம்ப்ளிஃபயரும் ஹாரனும் இல்லாத தேர்தல் மேடை உண்டா, கோயில் கொடை உண்டா? அவை இந்த 20 விழுக்காடு வருவதற்குப் பல்லாண்டு முன்பே ஊர் ஊராகப் பரவியவை.

நாங்கள் கேட்பது வேறு. சுவரை உயர்த்தினீர்களே, சுவருக்குள் எதைக் கட்டினீர்கள்? ஒலிபெருக்கியின் உயிர் அதன் காந்தம். எடை குறைந்த நல்ல பெட்டிகளில் இருப்பது நியோடிமியம் காந்தம். அதற்குப் பெரும்பாலும் சீனாவையே நம்பியிருக்கிறோம். 2025 ஏப்ரலில் சீனா அரியமண் காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. உடனே என்ன நடந்தது? இங்கே ஸ்பீக்கர் செய்துகொண்டிருந்த தொழிற்சாலைகளுக்குக் காந்தம் தட்டுப்பட்டது. சில நிறுவனங்கள் முழு ஸ்பீக்கரையே சீனாவிலிருந்து தருவிக்கத் திரும்பின. காந்தம் செய்ய வழி பார்க்காமல், முடிந்த பெட்டியின் மேல் மட்டும் வரியைப் போட்டுவிட்டு இதுதான் சுதேசி என்றால், அது அடித்தளம் இல்லாத சுவர். ஒரு தள்ளில் ஆடிப்போயிற்று. வரி மட்டும் ஆடவில்லை.

போலிச் சரக்கின் பொற்காலம்

இன்னொரு கேட்டையும் சொல்லியாக வேண்டும். 1966 முதல் உலக மேடைகளில் புழங்கும் ஷூர் எஸ்.எம்.58 என்ற மைக்கைப் பாடகர்கள் எல்லோரும் அறிவார்கள். அதே முகம், அதே எழுத்து, அதே டப்பாவோடு கால் விலைக்குப் போலி கிடைக்கிறது. "பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைக்கலாம்" என்று நம் தோழர்களிடமே ஒரு கடையில் சொன்னார்கள். உண்மைச் சரக்கின் விலையை வரி உயர்த்த உயர்த்த, போலிக்கும் பில் இல்லாச் சரக்குக்கும் கொண்டாட்டம். அரசாங்கத்துக்கும் வரி போயிற்று, உள்நாட்டுத் தொழிலுக்கும் அடி விழுந்தது, வாங்கியவனுக்கும் இரண்டாம் மாதம் மைக் ஊமையாயிற்று.

இதில் நம் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பில் இல்லாமல் வாங்கி வருவதை நம்மில் சிலர் சாமர்த்தியம் என்று பெருமை பேசுகிறோம். அது சாமர்த்தியம் அல்ல. பில் இல்லாதவனுக்கு வாரண்டி இல்லை, முறையிட வாயும் இல்லை. நாளை இந்த வரியை எதிர்த்து மனுக் கொடுக்கப் போனால், "நீங்கள் கட்டிய வரிக்கு ரசீது எங்கே?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

நாம் கேட்பவை

ஒன்று: மைக்கும் பெட்டியும் சிறு தொழிலாளியின் கைக்கருவி. தச்சனுக்கு இழைப்புளி போல, தையற்காரனுக்குத் தையல் எந்திரம் போல. ஆடம்பரப் பொருளைப் போல நினைத்து அதன் மேல் வரியை ஏற்றாதே. தொழில்முறை ஒலிபெருக்கிக்கான சுங்கவரியை 2018க்கு முன்பிருந்த 10 விழுக்காட்டுக்கு இறக்கு.

இரண்டு: பாதுகாப்பு வரி போட்டால் அதற்குத் தவணை சொல். எத்தனை ஆண்டு, அதற்குள் எந்தப் பாகம் உள்நாட்டில் செய்யப்படும் என்று நாடாளுமன்றத்தில் கணக்கு வை.

மூன்று: பாகங்களுக்கு முதலில் வழி செய். காந்தமும் காயிலும் கோனும் மலிவாகக் கிடைத்தால், தாராவியிலேயே பெட்டி அடித்து ஸ்பீக்கர் பூட்டக்கூடிய கைகள் ஆயிரம் உண்டு.

நான்கு: பதிவு இல்லாத சிறு வாடகைத் தொழிலாளி, தொழிற்கருவிக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யைத் திரும்பப் பெற ஓர் எளிய வழி வகு.

தோழர்களே! சங்கத்துக்கு மைக் செட் வாங்கும் யோசனையைச் செயற்குழு கைவிடவில்லை. ஆனால் தனியாக வாங்கப் போவதில்லை. நம் பகுதியில் மைக் செட் தொழில் செய்வோரையும் மற்றச் சங்கங்களையும் சேர்த்து, ஒரே பட்டியலாக, பில்லோடு, மொத்தமாக வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். இடையிலுள்ள லாபத்தையாவது இப்படிக் குறைக்கலாம். வரியைக் குறைக்கக் கூட்டாகக் குரல் கொடுத்தாக வேண்டும். மைக் செட் தொழிலில் உள்ளவர்கள் கடந்த ஐந்தாண்டில் வாங்கிய கருவிகளின் ரசீதுகளோடு அடுத்த மாதப் பொதுக்கூட்டத்துக்கு வாருங்கள். எந்தெந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி கட்டினோம் என்று நாமே கணக்கெடுப்போம். அதை இணைத்து நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடமும் நிதியமைச்சகத்திடமும் மனுவாகக் கொடுப்போம்.

ஊரார் பேச்சையெல்லாம் ஒலிபெருக்கிக் கொடுத்தவர் நம் அண்ணாச்சி. கலியாணத்தில் வாழ்த்துப் பாவும், வேலைநிறுத்தத்தில் முழக்கமும், தேர்தலில் வாக்குறுதியும் அவர் இழுத்த வயர் வழியாகத்தான் போயின. அவருடைய குறையை எடுத்துச் சொல்லவும் ஒரு மேடை வேண்டும். அந்த மேடையை நாம் போடுவோம்.