காவடி நடையும் சிறுநீரக நடையும்

லண்டன் மாநகரத்தில் சிநேகிதர்கள் ஒன்றுசேர்ந்து, தேம்ஸ் நதியின் பாலங்களை ஒன்றன்பின் ஒன்றாய் நடந்து கடப்பதாகச் சொல்லி, நடந்து முடித்தால் இன்ன தொகை தரவேண்டுமென்று தெரிந்தவர்களிடம் முன்னதாகவே வாக்கு வாங்கிக்கொண்டு, வசூலாகும் பணத்தைச் சிறுநீரக வியாதி ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடுகிற வழக்கம் இருந்து வருகிறது. இதை நம்மவர்களிடம் சொன்னால், "பணம் கொடுப்பதானால் கொடுத்துவிட்டுப் போவதுதானே, காலை எதற்கு நோகவைப்பது?" என்கிறார்கள். எடப்பாடியிலிருந்து பழனி வரையில் காவடி தூக்கி நடக்கிற ஜில்லாவில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பதுதான் வேடிக்கை! நடப்பதற்கு நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நடந்து யாருக்கு என்ன பலன் என்று கேட்கத்தான் பழக்கமில்லை.

நிற்க, கெங்கவல்லி வாலிபர்களுக்கு இதில் என்ன வேலை? சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம், ரத்தத்தை யந்திரத்தின் வழியாய்ச் சுத்தம் செய்தாக வேண்டும். 1943-ல் ஹாலந்து தேசத்தில், ஜெர்மன் பட்டாளத்தின் ஆக்கிரமிப்புக்கு நடுவே, கோல்ஃப் என்ற டாக்டர், மாமிசப் பண்டத்துக்கு உறையாகிற செலஃபேன் குழாயை உருளையில் சுற்றி இந்த யந்திரத்தைச் செய்தார். முதலில் வந்தவர்கள் அநேகமாய் எல்லோரும் செத்தார்கள். தலையெழுத்தென்று அவர் விட்டுவிடவில்லை. 1945-ல் ஒரு கிழவி பிழைத்தாள். இன்று அந்த யந்திரம் நமது சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் ஓடுகிறது; காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக்குக் கட்டணமுமில்லை.

கட்டணமில்லையென்றால் செலவில்லையென்று அர்த்தமா? தம்மம்பட்டியிலிருந்தோ செந்தாரப்பட்டியிலிருந்தோ ஒரு கூலிக்காரர் ஆத்தூருக்கோ சேலத்துக்கோ போனால் அன்றைய கூலி போயிற்று. துணைக்குப் போகும் மனைவிக்கு 2021 முதல் டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, நல்லதுதான். அவளுடைய கூலியை யாராவது கணக்கில் வைத்ததுண்டா? மாசத்தில் பத்து நாள் இப்படிப் போனால் அடுப்பு எப்படி எரியும்? முதலில் ஒரு தடவை குறைக்கிறார்கள், பிறகு நிறுத்தியே விடுகிறார்கள். வியாதி கொல்வதற்கு முன்னால் வழிச்செலவு கொன்றுவிடுகிறது.

கடன் முற்றினால் என்ன ஆகுமென்பதைப் பக்கத்து நாமக்கல் ஜில்லாவில் பார்த்தோம். சிறுநீரக வியாபாரத்தை 1994-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்திருந்தும், பள்ளிப்பாளையம் விசைத்தறித் தொழிலாளிகள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற சேதி 2025-ல் வெளிவந்து, சர்க்கார் விசாரணை வைத்தது. தரகர்களைத் திட்டினார்கள், சரி. கடன்காரனை யார் கேட்டார்கள்?

"சர்க்கார் செய்யவேண்டியதை நாம் செய்தால் அவர்கள் சும்மா இருந்துவிடுவார்களே" என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். நியாயமான பேச்சுத்தான். சிகிச்சைக்குப் போகும் நாளைக்குக் கூலி கொடு என்று சர்க்காரைக் கேட்டே தீரவேண்டும். ஆனால் மனுப் போட்டுப் பதில் வருகிறவரையில் யந்திரத்தை விட்டு நோயாளி காத்திருக்க முடியாதே!

ஆதலால் பத்து வாலிபர்கள் கெங்கவல்லியிலிருந்து ஆத்தூர் ஆஸ்பத்திரி வரையில் நடக்கட்டும். நோயாளியின் படத்தை அச்சடித்துப் பரிதாபத்தை விற்கவேண்டாம், பெயரும் வேண்டாம். வரும் பணம் வழிச்செலவுக்கும் கூலி நஷ்டத்துக்கும் மட்டும் போகட்டும். மீதியிருந்தால் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை நடத்தலாம், சிறுநீரகத்தைப் பெரும்பாலும் கெடுப்பது அவை இரண்டுந்தானே. வரவு செலவை மாதாமாதம் பஸ் நிலையத்துச் சுவரில் எழுதி ஒட்டவேண்டும், காசு தராதவனும் நின்று படிக்கும்படி.